சியோலில் தூரிகை எழுத்து வகுப்பு: விசிறியா, கோடா?

மைக்கூடு (சென்னை)

வணக்கம் மக்களே. சியோல் போயிருந்தப்போ ஒரு தூரிகை எழுத்து வகுப்புல உட்கார்ந்துட்டு வந்தேன். தனிமடல்ல சிலர் விவரம் கேட்டாங்க, அதான் தனி இழை. நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒண்ணு. சியோல்ல இந்தப் பேர்ல ரெண்டு விதமான சரக்கு விக்குது. ஒண்ணு "கெல்லிகிராஃபி". பிரஷ் பேனாவுல வாழ்த்து அட்டை, கடைப் பலகை, சீரியல் டைட்டில் மாதிரி அழகா எழுதறது. இன்னொண்ணு "சொயே". மைக்கல், மைக்கட்டி, தூரிகைன்னு பரம்பரையா வர்றது. "ஒன்டே கிளாஸ்"னு தேடினா ரெண்டும் கலந்து வரும். விளம்பரப் படத்துல விசிறியும் பூவும் கலரும் இருந்தா முதல் வகை. மேசைமேல கம்பளி விரிப்பும் கறுப்புக் கல்லும் இருந்தா ரெண்டாவது.

நான் போனது ரெண்டாவது. ஆன்குக் ஸ்டேஷன்ல இறங்கி இன்சாதோங் பக்கம் நடந்தா, மெயின் ரோட்டை விட்டு ஒரு சந்துல, மாடியில. பேர் போடல; விளம்பரம்னு நெறியாளர் தூக்கிடுவார். ரெண்டு மணி நேரம், 40,000 வொன். மேசையைச் சுத்தி நாலு பேர். டீச்சர் அறுபது தாண்டின அம்மா. இங்கிலீஷ் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நம்ம கையைப் பிடிச்சுத்தான்.

எடுத்த எடுப்புல மை அரைக்கணும். கல்லுக்குப் பேர் ப்யொரு, கட்டிக்குப் பேர் மொக். பைன் கட்டையையோ எண்ணெயையோ எரிச்சு எடுத்த புகைக்கரியைப் பசையோட பிசைஞ்சு, அச்சுல அழுத்திக் காயவெச்ச கட்டி அது. கல்லோட மேட்டுல நாலு சொட்டுத் தண்ணி விட்டு, கட்டியைச் செங்குத்தா பிடிச்சு வட்டமா தேய்க்கணும். நம்ம வீட்ல சந்தனம் இழைக்கிற மாதிரியேதான். அழுத்தினா கரி திரிதிரியா நிக்கும். மை அரைக்கிறப்போ நோயாளி மாதிரி, தூரிகை பிடிக்கிறப்போ பயில்வான் மாதிரின்னு சீனத்துலேர்ந்து வந்த சொலவடை ஒண்ணு இருக்காம். டீச்சர் ரெண்டையும் நடிச்சே காட்டினாங்க.

அப்புறம் தாள்னு பார்த்தா, பழைய நியூஸ்பேப்பர். அதுல கோடு. இடமிருந்து வலமா ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான். ஆனா வலப்பக்கம் போகணும்னா தூரிகையை முதல்ல இடப்பக்கம் கொஞ்சம் தள்ளணும். தள்ளி, திருப்பி, அதுக்கப்புறம்தான் வலப்பக்கம் இழுக்கணும். அப்பதான் நுனி கோட்டுக்குள்ள மறைஞ்சு, தொடக்கம் உருண்டையா வரும். முடியற இடத்துலயும் சட்டுனு தூக்கிடக் கூடாது, நின்னு, வந்த வழியே இம்மி திரும்பித் தூக்கணும். போற வழியெல்லாம் நுனி கோட்டுக்கு நட்டநடுவுல ஓடணும். ஓரத்துக்கு வந்துட்டா ஒரு பக்கம் வழவழன்னும் இன்னொரு பக்கம் பிசிறடிச்சும் இருக்கும். மணிக்கட்டு ஆடக் கூடாது, முழங்கை மேசையில படக் கூடாது, தோள்லேர்ந்து முழுக் கையும் போகணும். வேகம் எடுத்தா மை விட்டுவிட்டுப் பிடிக்குது. தயங்கினா ஊறிப் பரவி அங்க ஒரு முடிச்சு விழுது. பாதி பேப்பர் முடியறதுக்குள்ள தோள்பட்டை கெஞ்ச ஆரம்பிச்சிடுச்சு.

குறுக்குக் கோடு, குத்துக் கோடு, அப்புறம் வட்டம். வட்டத்தை ஒரே சுழியா போடக் கூடாது. உச்சியிலேர்ந்து இடப்பக்கமா அரை வட்டம், திரும்ப உச்சியிலேர்ந்து வலப்பக்கமா அரை வட்டம், அடியில ரெண்டும் சேர்ந்த இடம் தெரியாம சேரணும். கடைசிக் கால் மணி நேரத்துலதான் நல்ல தாளை எடுத்து, நாலா மடிச்சுக் கட்டம் உண்டாக்கி, பேர் எழுதச் சொன்னாங்க. கீழே சிவப்பு முத்திரை ஒண்ணு குத்தினாங்க. முடிஞ்சது.

என் கட்சி இதுதான்: போன உடனே பேரை விசிறியில எழுதவெச்சு அனுப்பற வகுப்புக்குப் போகாதீங்க. அதுல டீச்சர் பென்சில்ல போட்ட கோட்டு மேல நீங்க மை பூசறீங்க, அவ்வளவுதான். கோடு இழுக்க வைக்கிற இடமா பார்த்துப் போங்க.

கோவை_குமரன்

நல்லா எழுதியிருக்கீங்க மேடம். ஆனா விசிறி வகுப்பை இப்படி ஒரேடியா போட்டுத் தள்ளணுமாங்க? நாங்க குடும்பத்தோட போனோம். எட்டு வயசுப் பையனை உட்காரவெச்சு ஒரு மணி நேரம் நியூஸ்பேப்பர்ல கோடு இழுன்னா அவன் என்னைய இழுத்துப் போட்டுருவானுங்க. ஹொங்தே பக்கம் விசிறி வகுப்புக்குப் போனோம். அவனும் சந்தோசம், அவங்கம்மாவும் சந்தோசம். விசிறி இன்னும் ஹால்ல மாட்டியிருக்கு. ஊருக்குப் போறவன் எல்லாரும் தவம் பண்றதுக்காங்க போறான்?

மைக்கூடு

குழந்தைங்களோட போனா வேற கணக்குதான் குமரன். நான் சொல்றது, கத்துக்கணும்னு போறவங்களுக்கு. விசிறிக் காகிதம் மடிப்பு மடிப்பா இருக்கும், மையும் சரியா குடிக்காது. கை பழகினவங்களே அதுல தடுமாறுவாங்க. முதல் முதலா தூரிகை பிடிக்கிறவன் கையில அதைக் கொடுக்கறது ஏன்னுதான் புரியல.

சுவோன்_சுந்தர்

சியோலுக்குப் பக்கத்து ஊரான சுவோன்ல வேலை, குடும்பத்தோட இங்கதான் இருக்கேன். என் வீட்டம்மா இங்க ஜுமின் சென்டர்ல சொயே கத்துக்கறாங்க. நம்ம ஊர் வார்டு ஆபீஸ் மாதிரி ஒரு இடம், அதுல ஏரியாக்காரங்களுக்குக் குறைஞ்ச கட்டணத்துல வகுப்பு நடக்கும். வகுப்புல பாதிக்கு மேல ரிட்டயர் ஆன தாத்தா பாட்டிங்க. பயணிகளுக்கு அது தோதுப்படாது, மாசக்கணக்குல போகணும். ஆனா அங்க பார்த்ததை வெச்சு மைக்கூடு சொன்னதுக்குக் கொஞ்சம் பின்கதை சேர்க்கறேன்.

நீங்க கத்துக்கிட்ட எழுத்து பான்பொன்சே. அச்சுக்கட்டை எழுத்துன்னு வெச்சுக்கங்க. செஜோங் அரசர் 1443-ல ஹங்குலை, அதாவது கொரிய மொழிக்கான எழுத்தை, உருவாக்கி 1446-ல வெளியிட்டார். அப்ப அதை விளக்கி மரக்கட்டையில செதுக்கி அச்சடிச்ச நூல்ல எழுத்து எப்படி இருந்ததோ, அதுதான் மாதிரி. கோடெல்லாம் ஒரே தடிமன், முனையெல்லாம் உருண்டை. உயிரெழுத்துல இன்னிக்குச் சின்னக் கோடா இருக்கறது அதுல உருண்டைப் புள்ளியா இருக்கும். புள்ளி வானம், படுக்கைக் கோடு பூமி, நிக்கற கோடு மனுஷன்னு விளக்கம். இந்த மூணே பொத்தானை வெச்சு எல்லா உயிரெழுத்தும் அடிக்கற செல்போன் விசைப்பலகை இன்னிக்கும் இங்க புழக்கத்துல இருக்கு. அந்த நூலோட பிரதி 1940-லதான் வெளிச்சத்துக்கு வந்தது. அதுக்கு முன்னாடி இந்த எழுத்தோட வடிவத்துக்கு என்ன காரணம்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிட்டிருந்தாங்க.

பான்பொன்சே தேறின பிறகு குங்சே. குங்னா அரண்மனை. இதை வளர்த்தது அரண்மனைப் பெண்கள். ராணிக்காகக் கடிதம் எழுதறதுக்கும் கதைகளைப் படியெடுக்கறதுக்கும்னே தனியா பணிப்பெண்கள் இருந்தாங்க. படிச்ச ஆம்பிளைங்க சீன எழுத்துலயே எழுதி, ஹங்குலைப் பாமரன் எழுத்து, பொம்பளை எழுத்துன்னு ஒதுக்கினாங்க. அரசாங்க ஆவணத்துக்கு அது வந்ததே 1894 சீர்திருத்தத்துலதான். ஒதுக்கின அந்த எழுத்துலதான் இவங்க எழுதி எழுதி இப்படி ஒரு அழகைக் கொண்டுவந்துட்டாங்க. நிக்கற கோட்டோட தலை சாய்வா வெட்டின மாதிரி தொடங்கி, அடியில ஊசியா இறங்கும். மேலேர்ந்து கீழே எழுதறப்போ அந்தக் கோடுகள் எல்லாம் வலப்பக்கம் ஒரே நேர்கோட்டுல நிக்கணும். வீட்டம்மா இப்ப அதுலதான் மல்லுக்கட்டறாங்க. அவங்க சொல்றது, பான்பொன்சேல தப்பு பண்ணினா கோடு அசிங்கமா இருக்கும். குங்சேல தப்பு பண்ணினா வரியே சாய்ஞ்சிடும்.

இன்னொரு சேதி. ஹங்குல் சொயே 2025-ல இங்க தேசிய மரபுக் கலைப் பட்டியல்ல சேர்ந்திருக்கு. அதனால வகுப்பு விளம்பரம் இனி கூடும், விசிறியும் கூடும் :)

இடக்கை_இளவரசி

எனக்கு ஒரே கேள்விதான். நான் இடக்கைக்காரி. அடுத்த மாசம் சியோல் போறேன். தூரிகையை இடக்கையால பிடிச்சா விடுவாங்களா? சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல ஸ்கேலால அடி வாங்கினது போதும், காசு கொடுத்து வேற வாங்கணுமா?

சுவோன்_சுந்தர்

மரபா கத்துக்கொடுக்கறவங்க வலக்கையைத்தான் கேப்பாங்க மேடம். காரணம் வெறும் பழமைவாதம் இல்ல. குங்சேல நிக்கற கோட்டோட தலை எந்தப் பக்கம் சாயும், குறுக்குக் கோடு எப்படி லேசா மேல ஏறும், இதெல்லாம் வலக்கை இழுப்புல பிறந்த வடிவம். இடக்கையில அதே கோட்டை இழுக்க முடியாது, தள்ள வேண்டியிருக்கும். தூரிகை முடியைத் தள்ளினா விரிஞ்சிடும். ஆனா பான்பொன்சேல ரெண்டு முனையும் உருண்டை, சாய்வே கிடையாது. அதுல இடக்கைக்குப் பெரிய நஷ்டம் இல்ல. முன்பதிவு பண்றப்பவே பான்பொன்சேதானான்னு கேட்டு, இடக்கைன்னும் எழுதிடுங்க.

கிம்ஹே_கண்ணன்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கிம்ஹேயில ஒரு பக்டரியில வேலை. இஞ்ச ஞாயிற்றுக்கிழமைகளில வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கொரிய மொழி படிப்பிக்கிற நிலையம் ஒண்டு இருக்கு. ஒக்டோபர் 9 ஹங்குல் நாள். அதை ஒட்டி அங்க தூரிகை எழுத்து பழக்குவினம், காசு இல்லை. நேபாளப் பெடியள், வியட்நாம் பிள்ளையள், நாங்கள் கொஞ்சப் பேர், எல்லாரும் நிலத்தில இருந்து எழுதுவம்.

மைக்கூடு அக்கா சொன்ன கோடு விசயம் உண்மை. ஆனா எனக்கு வேற மாதிரிப் பிடிச்சது. கிழமை முழுக்க மெசினுக்குப் பக்கத்தில நிண்ட கை. தூரிகையைத் தூக்கினா விரல் தன்ர பாட்டில நடுங்கும். மாஸ்டர் கையைப் பாக்கேல்லை, மூச்சைப் பாத்தார். கோடு துவங்கேக்க மூச்சை விடத் துவங்கு, கோடு முடியேக்க மூச்சும் முடியவேணும் எண்டார். அதுக்குப் பிறகு நடுக்கம் கோட்டில தெரியேல்லை. நாங்கள் எழுதினது பேரும் இல்லை, விசிறியும் இல்லை. வீடு எண்ட சொல்லு, கொரிய மொழியில "சிப்". ஒரு மேசையில பத்துப் பதினைஞ்சு "சிப்" காயுது, யாரும் கதைக்கேல்லை.

பகிடிக்கு ஒண்டு: இந்தியாவில இருந்து வந்தவ எண்டு கதை சொல்லுற ஹோ ஹ்வாங் ஓக் அரசியின்ர சமாதி நான் இருக்கிற இடத்துக்குக் கிட்டத்தான். வாற ஆக்கள் சொல்லுங்கோ, கூட்டிக்கொண்டு போறன்.

ஆயுத_எழுத்து

ஆஹா! அந்த அரசிதான் நம்ம செம்பவளம்! தமிழ்நாட்டு இளவரசி! அம்மா அப்பான்னு கூப்பிடறது ரெண்டு மொழியிலயும் ஒண்ணு! அப்ப இந்த எழுத்தும் நம்மகிட்டேர்ந்து போனதுதானே?

நெறியாளர்

இளவரசி, அம்மா-அப்பா, அவங்க ஊர்னு சொல்ற ஆய் நாடு எல்லாத்துக்கும் தனி இழை இருக்கு. கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்ட ஹல்பர்ட் காலத்துலேர்ந்து அங்க அலசிக் காயப்போட்டாச்சு. இங்க தூரிகை மட்டும். ஹங்குல் எங்கேர்ந்து வந்ததுன்னு சுந்தர் மேலேயே ஆண்டோட எழுதியிருக்கார், படிச்சுட்டு வாங்க.

கயல்விழி_ரா

கண்ணன் தம்பி, மூச்சு சமாச்சாரம் அருமை. நான் வீணை வாசிக்கிறவ, அதனால உடனே புரிஞ்சது.

எனக்கு வேற கவலை. இந்தப் பேரை ஹங்குல்ல எப்படி எழுதுவாங்க? ழ கிடையாதாமே?

மைக்கூடு

ழவும் கிடையாது, வவும் கிடையாது. வ-வுக்கு ப-தான். உங்க பேர் "காயால்பில்லி"ங்கற மாதிரி போய் நிக்கும், கோச்சுக்காதீங்க. நல்ல விஷயம், k-யா g-யா, t-யா d-யாங்கற குழப்பம் இல்ல. நம்மள மாதிரியே ஒரே எழுத்து, இடத்துக்குத் தகுந்த மாதிரி அழுத்தியும் மெதுவாவும் ஒலிக்கும்.

வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடியே பேரை ஹங்குல்ல எழுதி வெச்சுக்கிட்டுப் போங்க. இல்லன்னா டீச்சருக்கும் உங்களுக்கும் அதுலயே நேரம் ஓடிடும். அப்புறம் பேருக்குத் தகுந்த மாதிரி கஷ்டமும் மாறும். மீனான்னு பேர் இருந்தா யோகம். ஒரு பெட்டி, ரெண்டு குத்துக் கோடு, ஒரு மூலை, ஒரு சின்னக் கை. கோடு பழகினா போதும். உயிரெழுத்துல தொடங்கற பேர்னா, அனிதா, உமா, இளங்கோன்னு யாரா இருந்தாலும் முன்னாடி ஒரு வட்டம் கட்டாயம். ஒலி இல்லாத வட்டம், ஆனா போட்டாகணும். ஆகக் கஷ்டம் ல, ர, ழ இருக்கற பேர். ரியுல்ங்கற அந்த எழுத்துல மூணு குறுக்குக் கோடு ஒண்ணுக்கு மேல ஒண்ணா, நடுவுல சம இடைவெளியோட, வளைஞ்சு வளைஞ்சு வரணும். உங்க பேர்ல அது மூணு இருக்கு.

கயல்விழி_ரா

மூணா! அப்பா அம்மாவைக் கேக்கறேன் இருங்க.

புலவர்_மணி

நல்ல இழை. ஒரு ஐயம். கொரியாவின் பெரிய தூரிகை மேதை என்று கிம் ஜொங் ஹீயைச் சொல்கிறார்கள். சுசா என்பது அவர் புனைபெயர். ஆனால் அவர் புகழ் முழுக்கச் சீன எழுத்தில் அல்லவா? பயணிகளுக்கு ஹங்குல் மட்டும் சொல்லித்தந்தால் அது அந்த மரபில் பாதிதானே?

சுவோன்_சுந்தர்

ஐயா சொல்றது சரி. சுசா (1786-1856) பேர் வாங்கினது சீன எழுத்துலதான். இருபது சொச்சம் வயசுல பீஜிங் போய் அங்கத்த பெரிய அறிஞர்களைப் பார்த்தவர். பத்து மைக்கல்லைத் தேய்ச்சு ஓட்டை போட்டேன், ஆயிரம் தூரிகையை மொட்டையாக்கினேன்னு நண்பருக்கு எழுதினவர். ஆனா அவர் எழுதின ஹங்குல் கடிதங்களும் நாப்பது வரைக்கும் கிடைச்சிருக்கு. பெரும்பாலும் மனைவிக்கு எழுதினது. 1840-லேர்ந்து 1848 வரைக்கும் ஜேஜு தீவுல சிறைவாசம் மாதிரி நாடுகடத்தல். அங்கேர்ந்து சாப்பாடு சரியில்ல, அது அனுப்பு இது அனுப்புன்னு எழுதுவார். 1842-ல மனைவி இறந்துட்டாங்க. சேதி கடல் தாண்டி வந்து சேரலை. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டு அதுக்கப்புறமும் கடிதம் போட்டிருக்கார். பெரிய படிப்பாளிக்கும் வீட்டுக்கு எழுத ஹங்குல்தான் வேண்டியிருந்தது. எங்க வகுப்புல இதைச் சொல்லித்தான் தாத்தாக்களை ஹங்குல் பக்கம் இழுப்பாங்களாம், அவங்கள்ல பல பேருக்குச் சீன எழுத்துதான் கௌரவம்.

இந்தச் சண்டை தெருவுலயும் இருக்கு. சியோல் அரண்மனையோட முன்வாசல் குவாங்ஹ்வாமுன், அதோட பெயர்ப்பலகையைப் பாருங்க. 1968-ல கான்கிரீட்ல கட்டினப்போ அதிபர் பார்க் சுங் ஹீ எழுதின ஹங்குல் பலகை. 2010-ல மரத்துல திரும்பக் கட்டி, சீன எழுத்துப் பலகை மாட்டினாங்க. மூணு மாசத்துக்குள்ள அது விரிசல் விட்டுடுச்சு. 2023 அக்டோபர்லதான் கறுப்புப் பலகையில தங்க எழுத்தோட புதுசு வந்தது. ஆராய்ச்சியெல்லாம் பண்ணித்தான் மாத்தினாங்க. ஆனா வாசலுக்கு நேர் எதிரே செஜோங் அரசர் சிலையா உட்கார்ந்திருக்கார், ஹங்குல்ல மாட்டுங்கப்பான்னு கேக்கறவங்க இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க. என் ஓட்டும் அவங்களுக்குத்தான்.

மைக்கூடு

சுசா பேச்சு வந்ததால சொல்றேன். சியோல் போறவங்க ஒரு வகுப்பு முடிச்ச கையோட போங்-உன்-சா கோயிலுக்குப் போங்க. கங்னம்ல, கோயெக்ஸ் மாலுக்கு எதிர்ல. உள்ள பான்ஜொன்னு ஒரு கட்டடம், சூத்திரம் செதுக்கின மரக்கட்டைகளை வெக்கிற இடம். அதோட முகப்புப் பலகையில ரெண்டே எழுத்து, சுசா எழுதினது. 1856-ல, சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி எழுதினதுன்னு சொல்றாங்க. எழுபத்தொரு வயசுல நோயோட இருக்கறப்போ எழுதினதுன்னு ஓரத்துல அவரே பொடி எழுத்துல குறிச்சிருக்கார்.

பார்த்தா குழந்தை எழுதின மாதிரி இருக்கும். கோடெல்லாம் தடிமனா, கொஞ்சம் கோணலா, ஒரு ஜாலமும் இல்லாம. முன்னாடி நின்னு கோடு எங்க தொடங்குது, நுனி எங்க மறையுதுன்னு தேடினேன். கோடே இழுக்காம போயிருந்தா "இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு மாலுக்குள்ள காபி குடிக்கப் போயிருப்பேன்.

கோவை_குமரன்

மேடம், ஒரு நிமிசம். எழுபது வருசம் எழுதி எழுதி கடைசியில குழந்தை மாதிரி எழுதினார்ங்கறீங்க. என் பையன் எட்டு வயசுலயே அங்க போய்ச் சேர்ந்துட்டானுங்களே. விசிறி போட்டோ அனுப்பட்டுங்களா?

மைக்கூடு

அனுப்புங்க, பலகை அடிச்சு மாட்டிடலாம் :)

புலவர்_மணி

குமரன் தம்பி சொன்னதைச் சிரித்துக் கடந்துவிட வேண்டாம். அந்தப் பலகையின் நடையைக் கொரியர்களே பிள்ளை எழுத்து என்றுதான் பாராட்டுகிறார்கள். ஆனால் பிள்ளைக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது, சுசாவுக்குத் தெரியும். செஹான்தோ என்ற அவருடைய குளிர்கால ஓவியத்தின் ஓரத்தில் 1844-இல் எழுதிய எழுத்தைப் பாருங்கள், கட்டம் போட்டு அளந்து எழுதியது. வறண்ட தூரிகையில் நாலு மரம், ஒரு வீடு. நாடுகடத்தப்பட்ட தமக்கு நூல்கள் அனுப்பிக்கொண்டே இருந்த மாணவருக்காக வரைந்தார். 1944-இல் ஜப்பானியர் ஒருவரிடமிருந்து அதைக் கேட்டுப் பெற்று மீட்க, குண்டு விழுந்துகொண்டிருந்த டோக்கியோவுக்கே போனவர் சோன் ஜே ஹியோங். அவரும் தூரிகைக் கலைஞர். "சொயே" என்ற பெயரையே முன்மொழிந்தவர் அவர்தான். இன்று அந்த ஓவியம் கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். எப்போதும் பார்வைக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

சுவோன்_சுந்தர்

ஐயா, எனக்கே புதுசு இது. நன்றி.

அருங்காட்சியகம்னு வந்ததால: யோங்சான்ல தேசிய ஹங்குல் அருங்காட்சியகம் இருக்கு, 2014-ல திறந்தது. புதுப்பிப்பு வேலை நடக்கறப்போ 2025 பிப்ரவரியில அங்க தீ விபத்து. திறந்திருக்கான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. தூரிகைக்குன்னே சியோல் ஆர்ட்ஸ் சென்டர்ல ஒரு அருங்காட்சியகம் இருக்கு, நம்பு டெர்மினல் ஸ்டேஷன். செஜோங் சிலைக்குக் கீழே நிலத்தடியில ஒரு கண்காட்சி இருக்கு, இலவசம்.

கயல்விழி_ரா

தூரிகை வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். என்ன பார்த்து வாங்கணும்?

மைக்கூடு

இன்சாதோங்ல பில்பாங்னு பலகை போட்ட கடைகள்ல கேளுங்க, தூரிகைக் கடைதான் அது. முதல்ல பழக ஆட்டு முடித் தூரிகை, விரல் தடிமன்ல. மெத்துனு இருக்கும், மை நிறையக் குடிக்கும். மரநாய் வகையோட வால் முடியில செய்யறது விறைப்பா இருக்கும், விலையும் கூட. அது குங்சேக்கு, பொடி எழுத்துக்கு. இப்ப வேண்டாம். புதுத் தூரிகை பசை போட்டுக் கூராக்கி விறைப்பா இருக்கும், வெதுவெதுப்பான தண்ணியில ஊறவெச்சு விரலால இளக்கிட்டுத்தான் எழுதணும். எழுதி முடிச்சதும் வெறும் தண்ணியில கழுவி, நுனி கீழே தொங்கற மாதிரி காயப்போடுங்க. சோப்பு போடாதீங்க. கூட வர்ற பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போட்டுடுங்க. ஈரத்தோட திரும்பப் போட்டா முடி அழுகிடும்.

கிம்ஹே_கண்ணன்

உடுப்பில மை பட்டா சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதேங்கோ, இன்னும் உள்ளுக்க போகும். இஞ்சத்தை ஆச்சிமார் சோத்துப் பருக்கையை வைச்சு நசிச்சுத் தேய்ப்பினம். சோறு கறுக்கக் கறுக்க மாத்திக்கொண்டு தேய்க்கவேணும். உடன செய்தா முக்கால்வாசி போகும். மிச்சம் போகாது, கறுப்பு உடுப்போட போறதுதான் புத்தி.

இடக்கை_இளவரசி

ரெண்டு இடத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒரு இடத்துல பதிலே இல்ல. இன்னொரு இடத்துல, பான்பொன்சேதான், எந்தக் கையா இருந்தாலும் வாங்க, ஆனா பாதி நேரம் வலக்கையிலயும் போட்டுப் பாருங்கன்னு எழுதியிருக்காங்க. பணம் கட்டிட்டேன். விசிறி கிடையாதான்னு கேட்டேன், கிடையாதாம்.

சுவோன்_சுந்தர்

நல்ல டீச்சர் மாதிரி தெரியுது. ஒரு விஷயம், மேலேர்ந்து கீழே, வலமிருந்து இடமா எழுதச் சொன்னா பயப்படாதீங்க. அந்தப் பக்கமா நகர்றதுக்கு இடக்கைதான் தோது, எழுதின ஈரத்து மேல கை போகாது. வலக்கைக்காரங்க கையை அந்தரத்துல தூக்கியே எழுதறதால சமாளிக்கறாங்க.

கோவை_குமரன்

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறனுங்க. பையன் மைக்கல் வேணும்ங்கறான். தெரிஞ்சவர் ஒருத்தர் போறார், வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு இருக்கேன். ஃபிளைட்ல விடுவாங்களா?

மைக்கூடு

விசிறி போய்க் கல்லுக்கு வந்துட்டானா, பரவால்லையே. போரியோங் ஊர்க் கல்லுதான் அங்க பேர் போனது. ஆனா பையனுக்கு அது வேண்டாம், உள்ளங்கை அளவு சாதாக் கல் போதும். நான் கைப்பையில வெச்சுக்கிட்டு வந்தேன், ஸ்கேன்ல நிறுத்தித் திறந்து பார்த்துட்டு விட்டுட்டாங்க. கனம்தான் தொல்லை. பாட்டில் மை வாங்கினா 100 மில்லிக்கு மேல இருந்தா செக்-இன் பெட்டியில. மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, ரெண்டு ஜிப் கவர் போட்டு, துணிக்கு நடுவுல வெக்காம ஓரமா வெக்கச் சொல்லுங்க. கட்டி மையா வாங்கினா இந்த வம்பே இல்ல.